ஆற்றுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண் குரல். மயிலம் பக்கத்துப் பெண்ணாம். கனடாவில் விண்ட்சர் நகரத்தில் வேலை செய்கிறாளாம். கல்யாணமாகி நான்கு மாதம். புருஷன் அமெரிக்காவில், டெட்ராய்ட் பக்கம் இருக்கிறான். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, நீங்களும் இதே மாதிரி இருந்தீங்களாமே. எந்த விசா போட்டீங்க? இங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒரே பேஜாரா இருக்குது."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சட்டம் இடையில் எவ்வளவோ மாறிவிட்டது, நல்ல வக்கீலைப் பார், எல்லையில் நிற்கும் அதிகாரியிடம் மட்டும் எக்காரணம் கொண்டும் பொய் சொல்லாதே என்றேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். எந்த விசா என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். அந்த விசா வந்து சேரும்வரை எங்கள் மூன்று பேருக்கும் என்ன நடந்தது என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளை அமெரிக்கா என்றால் மறுவாரமே பெண் விமானம் ஏறிவிடுவாள் என்று நம் ஊரில் இன்னும் நினைக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. சொந்த ஊர் திண்டிவனம். அப்பா அந்தோணி, மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், மூட்டை தூக்கியவர். 1993இல், எனக்கு இருபத்திரண்டு வயதில், குவைத்தில் ஒரு வயதான அம்மாளைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். போன இரண்டாம் வருடம் என் அம்மா திண்டிவனத்தில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தியே வந்தது. முன்பே வந்திருந்தாலும் போயிருக்க முடியாது, பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தது.

குவைத்திலிருந்து அதே மாதிரி வேலைக்குக் கனடா வந்தேன். ஆள் துணைக்கு இருக்கும் வேலை. சில வருடம் அப்படி இருந்தால் நிரந்தரமாகத் தங்க அனுமதி கொடுப்பார்கள். கொடுத்தார்கள். விண்ட்சரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. பிறகு குடியுரிமையும் வந்தது. இதெல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. தம்பி அருளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதை ஊரில் எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

2

அருள் விழுப்புரத்தில் ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். தினமும் காலையில் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சர் ரயில். அதே பெட்டியில் ரீட்டா டீச்சர் என்று ஒருவர் வருவார். பிறந்தது விழுப்புரம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம், பாடம் நடத்துவது மறுபடி விழுப்புரத்தில். ஒருநாள் பேச்சுவாக்கில் அருள், "எங்க அக்கா கனடாவுல விண்ட்சர்னு ஒரு ஊர்ல கீதுங்க டீச்சர்" என்றிருக்கிறான். "என் தம்பி அமெரிக்காவுல டெட்ராய்ட்ல இருக்கறான்" என்று அவர் சொல்லியிருக்கிறார். வேறு வேறு நாடு, அதனால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

மறுநாள் ரீட்டா டீச்சர் பள்ளிக்கூடச் சுவரில் இருந்த உலகப் படத்தைப் பார்த்திருக்கிறார். சாயங்கால ரயிலில் அருளைத் தேடிப் பிடித்து, "அருளு, ரெண்டு ஊரும் எதிர் எதிர்லயே இருக்குதுப்பா. நடுவுல ஒரு ஆறுதான்" என்றாராம்.

அப்படித்தான் சம்பந்தம் ஆரம்பித்தது. அவர் தம்பி பெயர் சேவியர். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் டிசைன் வேலை. அமெரிக்கக் குடியுரிமை உண்டு. மனைவி புற்றுநோயில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே பெண், நிர்மலா. ஏழு வயது. எல்லோருக்கும் நிம்மி.

விண்ட்சரில் நின்று பார்த்தால் டெட்ராய்ட்டின் கட்டடங்கள் அத்தனையும் தெரியும். நான் வருடக்கணக்காக அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். அந்த விளக்குகளுக்குப் பின்னால் ஒரு விழுப்புரத்துக்காரர் இருந்தது எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத் திண்டிவனத்திலிருந்து போன் வரவேண்டியிருந்தது.

முதல் சந்திப்பு விண்ட்சரில் ஒரு காப்பிக் கடையில். அவர் மகளையும் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தார். நெற்றி ஏறிய, சாந்தமான மனிதர். ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் "திண்டிவனத்துல எந்தத் தெரு தெரியும் உங்களுக்கு?" என்று தமிழில் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"பஸ் ஸ்டாண்டு தெரியும். அதுல எறங்கி மாறி ஏறிக்கினு போவோம், அவ்ளோதான்."

நிம்மி எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவே இல்லை. ரொட்டித் துண்டின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது என்னிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"இல்லையே, நன்றாக இருக்கிறேன்."

"சரி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.

3

இரண்டு வீட்டிலும் சம்மதம். பிறகுதான் விசா என்ற பேச்சு வந்தது. டெட்ராய்ட்டில் ஒரு வக்கீல் அம்மாவைப் போய்ப் பார்த்தோம். அவர் பொறுமையாக விளக்கினார்.

ஒன்று, நிச்சயம் ஆனவர்களுக்கான விசா. அதில் வந்தால் தொண்ணூறு நாளுக்குள் அமெரிக்க மண்ணிலேயே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். அதன்பின் அங்கேயே இருந்துகொண்டு நிரந்தர அனுமதிக்கு மனுப் போடலாம். சீக்கிரம் சேர்ந்து வாழலாம். ஆனால் மனுப் போட்ட பிறகு, தனி அனுமதி கைக்கு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் மனு போச்சு.

இன்னொன்று, முதலில் கல்யாணம், பிறகு மனைவிக்கான குடியேற்ற விசா. அது வரும்வரை நான் கனடாவில்தான் இருக்கவேண்டும். வருடத்துக்கு மேலும் ஆகலாம். நடுவில் பார்த்துவிட்டு வரலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் "இவள் திரும்பிப் போவாள்" என்று எல்லை அதிகாரி நம்பினால்தான் விடுவார். ஒரு வசதி, உலகத்தில் வேறு எங்கு வேண்டுமானாலும் நான் போய் வரலாம்.

"சும்மா பார்க்க வர்ற மாதிரி வந்து, அப்படியே தங்கிட்டு மனுப் போடலாமாமே, நிறைய பேர் செய்றாங்களாமே" என்று சேவியர் கேட்டார். வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "தங்குவதற்காகவே வந்துவிட்டு, பார்க்க வந்தேன் என்று சொன்னால் அது பொய். பொய் சொல்லிக் குடும்பத்தை ஆரம்பிக்காதீர்கள்" என்றார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். அவர் வண்டியை எடுக்கவில்லை.

"மொதல் விசாவே போட்டுடலாம் ஸ்டெல்லா. ஜல்தியா வந்துடுவ."

"ஊர்ல கல்யாணம் பண்ண முடியாதே அதுல. அதுவும் இல்லாம, உள்ள வந்துட்டா கொஞ்ச நாளைக்கு வெளிய போக முடியாது. எங்கப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு. அம்மாவுக்கு ஆன மாதிரி ஆச்சுன்னா நான் மறுபடியும் போன்ல அழுதுக்கினு நிக்கணுமா?"

அவர் கார்ச் சாவியைக் கையில் வைத்து உருட்டினார். பிறகு சொன்னார்: "நீ உங்கப்பாவ நெனைக்கிற. நான் எம்பொண்ண நெனைக்கிறேன். வாரா வாரம் வருவ, வாரா வாரம் போவ. ஒருத்தி போனதையே அவ இன்னும் தாங்கல. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இன்னொருத்தி போறதப் பாக்கணுமா?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் அது கஷ்டமாக இருந்தது. முடிவைச் சொன்னது கடைசியில் அப்பா. போனில் விஷயத்தைக் கேட்டதும் சத்தம் போட்டார்.

"இன்னா பாப்பா இது, நிச்சயம் பண்ணதுக்குக்கூட விசா தர்றானா அந்த ஊர்ல? கல்யாணம் ஆவாம ஒரு வீட்ல போயி குந்திக்கினு இருப்பியா? கோயில்ல ஓல வாசிக்கணும், நான் கைபுடிச்சிக் கூட்டிக்கினு போவணும். அப்புறம் எந்த விசா வேணா போட்டுக்கோ, யாரு கேக்கறது?"

சேவியரிடம் சொன்னேன். "மாமா சொன்னா சரி" என்றார். அதற்குப் பிறகு இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவர் பயந்தது சரிதான் என்று பின்னால் தெரிந்தது.

4

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று திண்டிவனத்துக் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு, மண்டி ஆட்கள் அத்தனை பேரையும் அழைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு பீடம்வரை நடந்தார். நிம்மி மஞ்சள் பாவாடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் கிழவிகள் எல்லோரும் அவள் கன்னத்தைக் கிள்ள, அவள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவும் குனிந்து அவளோடு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. வேகவைத்த மல்லாட்டையை உரித்து உரித்து அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்தில் மனுப் போட்டோம். அவரும் நிம்மியும் டெட்ராய்ட்டில், நான் விண்ட்சரில். புதுப்பெண் என்று முதியோர் இல்லத்தில் கேக் வெட்டினார்கள். புருஷன் எங்கே என்று கேட்ட ஒரு கிழவரிடம் ஜன்னல் வழியே ஆற்றைக் காட்டி, "அதோ" என்றேன்.

சனிக்கிழமை காலை கிளம்புவேன். சில நாள் ஆற்றுக்கு அடியில் சுரங்கப் பாதையில் போகும் பஸ்சில், சில நாள் என் பழைய காரில் பாலத்தின் மேல். கையில் எப்போதும் ஒரு கோப்பு: வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு. அதிகாரிகள் ஆளுக்கொரு விதம். ஒருவர் சிரித்துக்கொண்டே அனுப்புவார். இன்னொருவர், "புருஷன் இந்தப் பக்கம் இருந்தால் நீ ஏன் அந்தப் பக்கம்?" என்பார். "உங்கள் காகிதத்துக்குத்தான் காத்திருக்கிறேன் ஐயா" என்பேன். ஞாயிறு மாலை திரும்பி வரும்போது கனடா அதிகாரி ஏதும் கேட்காமல் விட்டுவிடுவார். யாரும் தடுக்காத பக்கம்தான் எனக்குப் போக மனமில்லாத பக்கமாக இருந்தது.

நிம்மி என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். விருந்தாளியிடம் நடந்துகொள்வதுபோல மிகவும் மரியாதையாக இருந்தாள். நானும் அப்படித்தான். தலை வாரிவிடட்டுமா என்று கேட்பேன், வேண்டாம் நன்றி என்பாள். ஞாயிறு மாலை நான் பையை எடுக்கும்போது அவள் எப்போதும் மாடியில்தான் இருப்பாள். இறங்கி வரமாட்டாள்.

5

மறுவருடம் மே மாதம் நிம்மிக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். தாய் இறந்ததில் கோயில் வகுப்பில் சேர்வது ஒரு வருடம் தள்ளிப்போனது, அதனால் அவள் அந்த வகுப்பில் எல்லோரையும்விட ஒரு வயது பெரியவள். வெள்ளைக் கவுனை நான் எடுத்துவருவதாகச் சொல்லியிருந்தேன். விழுப்புரத்தில் ரீட்டா டீச்சர் தைக்கக் கொடுத்து, யாரோ வந்தவர்கள் மூலம் என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. ஒரு வாரம் கொண்டுபோய் அளவு பார்த்துவிட்டு, இடுப்பில் கொஞ்சம் பிடிக்கத் திரும்ப என் வீட்டுக்கு எடுத்துவந்திருந்தேன். அதைப் போட்டுப் பார்த்த அன்றுதான் நிம்மி முதல்முறையாக என்னிடம் ஓர் உதவி கேட்டாள், வழக்கம்போல ஆங்கிலத்தில்: "அன்னைக்குத் தலை நீங்களே வாரிவிடுவீங்களா?"

சனிக்கிழமை காரில் ஏற்றினேன். கவுன். விருந்துக்கு வரும் முப்பது பேருக்கு இட்லிக்கு அரைக்க என்று என் கிரைண்டர், கல்லோடு. இட்லிப் பானை. இரண்டு தலையணை, ஒரு போர்வை. ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே தங்குவதாக இருந்தது.

பாலத்தின் முனையில் அதிகாரி, இளைஞர், குனிந்து கேட்டார். "எங்கே போகிறீர்கள்?"

தமிழில் "வீட்டுக்குப் போறேன்" என்று நாம் எத்தனை வீட்டைச் சொல்வோம்! அண்ணன் வீடு, அத்தை வீடு, பக்கத்து வீடு எல்லாம் வீடுதான். புருஷனையே வீட்டுக்காரர் என்றுதான் சொல்கிறோம். மனதில் தமிழில் ஓடியது வாயில் ஆங்கிலத்தில் வந்தது. 'வீட்டுக்குப் போகிறேன், கணவரிடம்' என்றேன். ஆங்கிலத்தில் 'ஹோம்' என்ற அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். நான் குடியிருக்கும் இடம்.

அவர் பின்சீட்டைப் பார்த்தார். கிரைண்டரைப் பார்த்தார். ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

உள்ளே ஒரு வயதான பெண் அதிகாரி விசாரித்தார். கோப்பை முழுதாகப் படித்தார். புதுநன்மையைச் சொன்னேன், கவுனைக் காட்டினேன். கையில் எடுத்து லேஸைத் தடவிப் பார்த்தார்.

"அழகாக இருக்கிறது" என்றார். "நீங்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் குடியேற்ற மனு நிலுவையில் இருக்கிறது. வீட்டுக்குப் போகிறேன் என்கிறீர்கள். சமையல் சாமான், தலையணை எல்லாம் இருக்கிறது. இன்று விடமுடியாது."

"நாளை காலை பூசை. குழந்தைக்குத் தலை வார வேண்டும் அம்மா."

"புரிகிறது" என்றார். விரல் ரேகை எடுத்தார்கள். நானாகவே திரும்பிப் போவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். காரைத் திருப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்து, அந்தக் கிரைண்டரைப் பார்த்திருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன்.

சேவியர் மதியம் பாலத்தைத் தாண்டி வந்தார், நிம்மியோடு. என் அடுக்குமாடி வீட்டு வாசலில் நின்று கவுனை வாங்கிக்கொண்டார். நிம்மி காரைவிட்டு இறங்கவில்லை. நான் கீழே போய்க் கண்ணாடியைத் தட்டினேன். பாதி இறக்கினாள்.

"நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள்?"

"தப்பு எதுவும் இல்லைம்மா. ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிட்டேன்."

"வர்றேன்னு சொன்னீங்க."

அவ்வளவுதான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். மறுநாள் காலை பக்கத்து வீட்டு அம்மாள் அவளுக்குத் தலை வாரிவிட்டார் என்று சேவியர் போனில் சொன்னார். அந்த நேரத்தில் நான் ஆற்றங்கரைப் பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கரையில் எந்தக் கோயில் மணி என்று தெரியவில்லை, ஒன்று அடித்தது. எழுந்து வேலைக்குப் போனேன். அன்று எனக்கு வேலை இல்லை. போய் வேறொருத்திக்குப் பதிலாக நின்றேன்.

6

கொஞ்ச காலத்துக்கு எல்லைப் பக்கமே போகவேண்டாம் என்றார் வக்கீல் அம்மா. அதனால் முறை மாறியது. சனிக்கிழமைதோறும் அவர்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள்.

என்னுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு. நிம்மி ஹாலில் சோபாவில் படுப்பாள். முதல் நாலைந்து வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு, நான் கேப்பைக் கூழுக்குக் கிளறிக்கொண்டிருந்த ஒரு நாள் பின்னால் வந்து நின்று, அது என்ன, ஏன் சாக்லேட் மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். ருசி பார்த்துவிட்டுத் துப்பினாள். சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வாராவாரம் "அந்தச் சாக்லேட்" கேட்டாள். குளியலறையில் அவளுக்கு ஒரு பல்துலக்கி வந்தது. அலமாரியில் அவளுக்கு ஒரு தட்டு ஒதுக்கினேன். வீட்டுப்பாடத்தைச் சமையல் மேடையில் வைத்து எழுதுவாள். எதிர்க்கரையில் தன் ஊர் எது என்று ஜன்னலில் மூக்கை வைத்துத் தேடுவாள்.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. வேறு மாநிலத்தில் படிக்கிறாள். தமிழ் அவள் வாயில் தங்கவில்லை. "சாப்பிட்டியா" என்று நான் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும், அதுவும் இரண்டு நாள் கழித்து. தான் பேசும் தமிழில் பாதி அவளுக்குப் புரியாது என்று சேவியருக்கு வருத்தம். நான் அதற்கெல்லாம் வருத்தப்படுவதை விட்டுவிட்டேன். கூழை மட்டும் அவளே கிளறிச் சாப்பிடுகிறாள், விடுதி அறையில்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். அந்த வருடக் கடைசியில் மாண்ட்ரியலில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இருந்து தகவல் வந்தது. ஜனவரியில் நேர்காணல். மருத்துவப் பரிசோதனை முடித்தேன். ரயில் டிக்கெட் எடுத்தேன். கிளம்ப இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது அருள் போன் செய்தான்.

"அக்கா, அப்பா விழுந்துட்டாரு. ஒரு பக்கம் கை கால் வரல. விழுப்புரத்துல சேத்திருக்கிறோம். பேச்சு வரல அக்கா. நீ வர்றதுன்னா வந்துடு."

அது ஒரு சனிக்கிழமை. சேவியரும் நிம்மியும் என் வீட்டில்தான் இருந்தார்கள். நேர்காணலுக்குப் போகாவிட்டால் அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது. மாதக் கணக்கில் ஆகும் என்று வக்கீல் அம்மா முன்பே சொல்லியிருந்தார். சேவியர் சோபாவில் உட்கார்ந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். நேர்காணலை முடித்துவிட்டுப் போயேன் என்று சொல்ல நினைக்கிறார்.

நிம்மி வீட்டுப்பாடத்தை மூடிவைத்தாள். "யாருக்கு?" என்று கேட்டாள்.

"தாத்தாவுக்கு. மேசைக்கு அடியில் உட்கார்ந்து உனக்கு மல்லாட்டை உரித்துக் கொடுத்தாரே, அவருக்கு."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தப்ப என்னை உள்ளே விடலை. குழந்தை பயந்துடும்னு சொன்னீங்க. நான் கார் நிறுத்தற இடத்தில உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா போகட்டும்."

சேவியர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். பிறகு எழுந்து, "கெளம்பு. டிக்கெட் நான் பாக்கறேன்" என்றார்.

7

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அப்பா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை. குவைத்திலும் விண்ட்சரிலும் எத்தனையோ பேரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டிருக்கிறேன். அந்தக் கையால் என் அப்பாவுக்குச் செய்தது அதுதான் முதல் தடவை. மூட்டை தூக்கித் தூக்கி இறுகிய தோள், கையில் கனமே இல்லாமல் இருந்தது.

மூன்றாம் வாரம் பேச்சு குழறலாக வந்தது. முதலில் கேட்டது விசாவைத்தான்.

"ஏம்மா... விசா... இன்னா ஆச்சு?"

"தேதி மாத்திக் குடுப்பாங்கப்பா."

"என்னாலதான... கெட்டுப்போச்சு?"

"கெட்டுப்போவல. தள்ளிப்போச்சு."

இரண்டு நாள் கழித்து, ஆரஞ்சுச் சாற்றை நான் ஊட்டும்போது கையைத் தட்டிவிட்டு அதட்டினார். "நான் சாவறதப் பாக்க வந்த. சாவல. இன்னும் இங்க குந்திக்கினு இன்னா பண்ற? போ. அந்தப் புள்ள... பாத்துக்கினு இருக்கும்." அருள் சிரித்துவிட்டான். ஆறு வாரம் இருந்துவிட்டுக் கிளம்பினேன். அப்பா அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தார். கம்பு ஊன்றிக்கொண்டு திண்டிவனம் கோயில்வரை தினமும் நடந்துபோய் வருவாராம். அவர் போனபோது நான் பக்கத்தில் இல்லை. ஆனால் அந்த ஆறு வாரம் எனக்கு இருக்கிறது. குவைத் காலத்தில் அம்மாவோடு எனக்குக் கிடைக்காதது அது.

8

நேர்காணல் ஜூலையில்தான் கிடைத்தது. மாண்ட்ரியலில் ஒரு கண்ணாடிச் சாளரத்துக்கு முன்னால் நின்றேன். கல்யாணப் படம் கேட்டார்கள். திண்டிவனத்தில் எடுத்த படங்களைக் கொடுத்தேன். அதிகாரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "மேசைக்கு அடியில் இருக்கும் இவர்கள் யார்?" என்று கேட்டார்.

"என் அப்பா. என் மகள்" என்றேன்.

சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

ஆகஸ்டில் வீட்டைக் காலி செய்தேன். சேவியர் ஒரு வேன் எடுத்துவந்தார். சாமான் எல்லாம் ஏறிவிட்டது. நிம்மியை மட்டும் காணவில்லை. போய்ப் பார்த்தால், சோபா இருந்த இடத்தில் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"எழுந்திரும்மா. இனிமேல் நான் உங்களோடுதான் இருக்கப் போகிறேன். இதற்காகத்தானே இவ்வளவு நாள் காத்திருந்தோம்?"

"அப்போ சனிக்கிழமை நாம எங்கே போவோம்?" என்றாள்.

நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு வருடமாகப் பெரியவர்கள் நாங்கள் காத்திருந்தோம். அவள் அந்த வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தாள். விசா வந்ததால் அவளுக்கு ஒரு வீடு போயிற்று. இதை வக்கீல் அம்மாவோ, என் அப்பாவோ, நானோ எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

டெட்ராய்ட்டில் முதல் இரண்டு வாரம் எல்லோரும் நல்லபடியாக இருந்தோம். மிகவும் நல்லபடியாக. ப்ளீஸ், தேங்க்யூ. மூன்றாவது வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் நான் நிம்மியின் தலைக்கு எண்ணெய் வைத்து, இழுத்துப் பின்னிவிட்டேன். சாயங்காலம் அவள் புத்தகப் பையை ஹாலின் நடுவில் எறிந்தாள். எண்ணெய் வாசனை என்று வகுப்பில் யாரோ மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது! எங்க அம்மா எண்ணெய் வெக்கவே மாட்டாங்க!"

"நானும் இனிமேல் வைக்கலை. அதற்காகப் பையை எறிவாயா? எடுத்து வை."

"மாட்டேன்!"

"எடுத்து வை, நிம்மி."

பையை எடுத்தாள். மாடிப்படி அதிர ஏறினாள். அறைக்கதவை ஓங்கிச் சாத்தினாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது.

சேவியர் பதறிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். "இன்னா ஸ்டெல்லா, இப்படிப் பண்றா? இதுக்கு முன்னாடி இப்படிப் பண்ணதே இல்லியே. நான் போயிப் பேசட்டுமா?"

"வேணாங்க. விடுங்க" என்றேன்.

அவருக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. விருந்தாளி முகத்தில் யாராவது கதவைச் சாத்துவார்களா? அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. உலை கொதித்துவிட்டது. மூன்று பேருக்கு அரிசியைக் களைந்து போட்டேன்.